வைக்கோல், உமி, கச்சான் கோது: வன்னியில் ஒரு பயிற்சிப் பயணம்

திங்கட்கிழமை, ஓமந்தை வழியாகக் கிளிநொச்சிக்கு

காலபோக அறுவடை முடிகின்ற மாசி மாதக் கடைசியில் இலங்கையின் ஏ-9 வீதியால் வடக்கு நோக்கிச் செல்பவர்களுக்கு, ஓமந்தையைத் தாண்டியதிலிருந்து வயல்வெளிகளில் அங்கங்கே எழும் புகை பழகிப்போன காட்சியாகிவிட்டது. நெல் மூடைகள் வீடு போய்ச் சேர்ந்த பின்னர் வயலில் எஞ்சிய வைக்கோலுக்குத் தீ வைக்கிறார்கள். இந்த வைக்கோலையும், அரிசி ஆலைகளில் சேரும் உமியையும், கச்சான் (நிலக்கடலை) கோதையும் விற்கத்தக்க பொருட்களாக மாற்றும் முறைகளைக் கமக்காரருக்குக் கற்பிப்பதற்காகச் சிறு பயிற்சிக் குழு ஒன்று இந்த வாரம் வன்னிக் கிராமங்களுக்குச் செல்கிறது. குழுவில் விவசாயப் பட்டதாரிகள் இருவரும், உணவுப் பதனிடல் கற்பிக்கும் அக்கா ஒருவரும் இருக்கிறார்கள். குறிப்பெடுப்பதும் கணக்குப் பார்ப்பதும் என் பொறுப்பு. ஒவ்வொரு நாள் இரவும் அன்று கண்டதை எழுதிப் பதிவிட எண்ணியிருக்கிறேன்.

புளியங்குளத்துக்கு அருகே வண்டியை நிறுத்தி, எரிந்துகொண்டிருந்த வயலின் வரம்பில் நின்ற முதியவரிடம் பேசினோம். "முந்தி அரிவி வெட்டிச் சூடு மிதிக்கேக்கை வைக்கல் களத்திலையே போரா நிக்கும், தம்பி. இப்ப மெசின் வெட்டிக்கொண்டு போற வழியெல்லாம் சிந்திப்போட்டுப் போகுது. அதைக் கூட்டி அள்ள ஆளுக்குக் கூலி குடுத்தா எனக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. அடுத்த நெற்பருவமான சிறுபோகத்துக்கு நீர் திறக்கும் நாளைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்துவிட்டால் அதற்கு முன் உழுதாக வேண்டும். பரந்து கிடக்கும் வைக்கோல் கலப்பையில் சுற்றிக்கொள்ளும். தீக்குச்சி ஒன்றுதான் செலவில்லாத வழியாக அவருக்குத் தெரிகிறது.

ஆனால் அந்தத் தீயில் போவது என்னவென்று கணக்கிட்டுக் காட்ட வேண்டியதும் எங்கள் வேலைதான். நெல்லும் வைக்கோலும் ஏறத்தாழ ஒரே நிறையில் விளைகின்றன. ஒரு ஏக்கரில் 1,600 கிலோ நெல் கிடைத்தால் வைக்கோலும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரை வைக்கோலிலேயே தங்குகிறது. ஒரு தொன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் 5 முதல் 8 கிலோ நைதரசனும் உண்டு. எரிக்கும்போது நைதரசன் அனேகமாக முழுவதும் காற்றோடு போய்விடுகிறது. பொட்டாசியத்தின் பெரும்பகுதி சாம்பலில் எஞ்சினாலும், காற்றும் அடுத்த மழையும் அதைச் சீராக வயலில் விட்டுவைப்பதில்லை. அந்த ஏக்கரின் வைக்கோலில் உள்ள பொட்டாசியம் கடையில் வாங்கும் எம்.ஓ.பி. (பொட்டாஷ்) உரத்தில் ஏறத்தாழ 45 கிலோவுக்குச் சமம் என்று சொன்னபோது முதியவர் சற்று நேரம் பேசாமல் நின்றார், பிறகு, "அப்ப அதை வித்தாலும் வயலுக்கு நட்டந்தானே?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. வைக்கோலை வயலை விட்டு அகற்றி விற்பதும் மண்ணின் வளத்தை அகற்றுவதுதான். ஆகவே வைக்கோலில் ஒரு பொருளைச் செய்து விற்ற பின்னர், எஞ்சியதை வயலுக்குத் திருப்பிக் கொடுக்கும் வழியைத்தான் நாங்கள் முதலில் தேட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, வட்டக்கச்சி

இரணைமடுக் குளத்து நீரில் விளையும் வட்டக்கச்சி வயல்களுக்கு நடுவே, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் இன்று காளான் பயிற்சி நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போரில் கணவரை இழந்து, 2009 இன் பின் முகாமிலிருந்து திரும்பி வந்து, தனியாகவே குடும்பத்தையும் காணியையும் மீட்டெடுத்தவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்கு முன் நின்று பொருளாதார முன்னேற்றம் பற்றிப் பொதுவாகப் பேசுவது வீண் என்பதை உணர்ந்திருந்த அக்கா, வணக்கம் சொன்னவுடனேயே வைக்கோலை வெட்டத் தொடங்கிவிட்டார்.

சிப்பிக் காளானுக்கு வைக்கோல் மஞ்சள் நிறம் மாறாததாக, மழையில் நனையாததாக, கடைசி அறுவடையில் கிடைத்ததாக இருக்க வேண்டும். அதை 3 முதல் 5 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பின்னர் தகரப் பரலில் 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றிய நீரில் ஒரு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். வைக்கோலோடு வரும் வேறு பூஞ்சணங்களும் புழு முட்டைகளும் இதில் அழிகின்றன. விறகுக்குச் செலவிட முடியாதவர்கள் நீற்றுச் சுண்ணாம்பு கரைத்த நீரில் இரவு முழுவதும் ஊறவிடலாம் என்பதையும் அக்கா செய்து காட்டினார். அதன் பின் வடியவிட்டு, ஒரு கைப்பிடியை இறுகப் பிழிந்து பார்க்க வேண்டும். விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் கசிந்தால் ஈரம் அளவானது. தாரையாக ஒழுகினால் பையின் அடி அழுகும். எதுவுமே கசியாவிட்டால் காளான் இழை பரவாது. இந்தப் பிழிந்து பார்க்கும் சோதனைக்கே இன்று காலையின் பாதி நேரம் சென்றது. அது நன்றாகச் செலவிட்ட நேரம் என்றே நினைக்கிறேன், ஏனெனில் வீட்டில் செய்யும்போது பைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வைக்கோலையும் காளான் வித்தையும் அடுக்கடுக்காகப் பொலித்தீன் பையில் நிரப்பி, வாயைக் கட்டி, துளையிட்டு, கிடுகுக் கொட்டிலின் இருட்டில் உறி போலத் தொங்கவிட்டால், 15 முதல் 20 நாட்களில் பை முழுவதும் வெள்ளை இழை படர்ந்துவிடும். அதன் பின்னர் சிறிது வெளிச்சமும் காற்றோட்டமும் கொடுத்து, தரையிலும் சாக்குத் திரையிலும் நாளுக்கு இரண்டு மூன்று தடவை நீர் தெளிக்க வேண்டும். ஒரு பையில் பொதுவாக மூன்று தடவை பறிக்கலாம். நல்ல பராமரிப்பில் ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலிலிருந்து அரைக் கிலோவுக்குக் குறையாத காளானை எதிர்பார்க்கலாம். குடையின் ஓரம் மேல்நோக்கி விரியும் முன்னரே பறித்துவிட வேண்டும் என்பதை அக்கா இரண்டு காரணங்களோடு வலியுறுத்தினார்: ஒன்று, விரிந்த காளானுக்குச் சந்தையில் மதிப்பில்லை; மற்றது, விரிந்த குடையிலிருந்து உதிரும் நுண்வித்துகளை மூடிய கொட்டிலில் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு இருமலும் இளைப்பும் வரும். கொட்டிலுக்குள் போகும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது ஆடம்பரம் அல்ல.

இந்தப் பயிற்சியில் நான் அதிகம் மதித்த பகுதி, எப்போது செய்யக்கூடாது என்பதைச் சொன்ன பகுதிதான். சிப்பிக் காளானுக்கு 20 முதல் 28 பாகை வரையான வெப்பம் உகந்தது. வன்னியில் கார்த்திகை முதல் மாசி வரை அந்தக் குளிர்ச்சி ஓரளவு கிடைக்கும். சித்திரைக்குப் பின் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் கிடுகுக் கொட்டிலை அந்த அளவுக்குக் குளிர வைத்திருக்கப் பெருமளவு நீர் வேண்டும், அந்த மாதங்களில்தான் கிணறுகளும் வற்றுகின்றன. 30 முதல் 35 பாகை வெப்பத்தை விரும்பும் வைக்கோல் காளான் அந்தப் பருவத்துக்குப் பொருந்தும், ஆனால் அதை முட்டை வடிவில் இருக்கும்போதே பறித்து அன்றே விற்றுவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் அது நீர்விட்டுக் குழைந்து போகும். எனவே சந்தை அருகில் இல்லாத கிராமங்களுக்கு அதைச் சிபாரிசு செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. ஆண்டு முழுவதும் காளான் வளர்க்கலாம் என்று எழுதப்பட்ட துண்டுப் பிரசுரங்கள் இந்தப் பகுதியில் உலவுகின்றன. அவற்றை நம்பிக் கடன் எடுத்தவர்கள் சித்திரையில் வெறும் பைகளைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.

முடிவில் ஓர் அம்மா எழுந்து, "பிள்ளை, எல்லாம் விளங்குது. வித்து முடிஞ்சா நாங்கள் எங்கை போறது?" என்று கேட்டார். கிருமி நீக்கிய தானியத்தில் வளர்த்தெடுக்கப்படும் வித்து ஆய்வுகூட வசதி இல்லாத கிராமத்தில் தயாரிக்க முடியாத பொருள். வெளியிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். வெயிலில் பஸ்ஸின் கூரையில் கிடந்தால் வழியிலேயே செத்துவிடும். அந்தக் கேள்வியை என் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

புதன்கிழமை, பரந்தன்

உமியைப் பற்றி நாங்கள் கொண்டுவந்த எண்ணத்தை இன்று ஆலை முதலாளி ஒருவர் திருத்தினார். உமி கழிவு என்று நாங்கள் சொல்ல, தன்னுடைய ஆலையில் அது எரிபொருள் என்றார் அவர். புழுங்கல் அரிசிக்கு நெல்லை அவிக்கும் கொதிகலனுக்கு உமிதான் விறகு. செங்கல் சூளைக்காரரும் வந்து வாங்குகிறார்கள். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி என்பதால், அறுவடை முடிந்த கையோடு நெல் ஒரேயடியாக வந்து குவியும் இந்த வாரங்களில் மட்டும் அவரால் எரித்துத் தீர்க்க முடியாத உமி மிஞ்சுகிறது. பச்சை அரிசி குற்றும் சிறிய ஆலைகளில்தான், அவிக்கும் வேலை இல்லாததால், ஆண்டு முழுவதும் உமி தேங்குகிறது. எனவே பயிற்சியைப் பெரிய ஆலையின் முற்றத்திலிருந்து பச்சை அரிசி ஆலை ஒன்றின் பின்புறத்துக்கு மாற்றினோம்.

இங்கே ஒரு விடயம் எனக்குத் தெளிவாகியது. வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலுக்கும் ஆலையின் பின்னால் குவிந்து கிடக்கும் உமிக்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. வைக்கோலைக் கூட்டிச் சேர்க்கும் கூலிதான் அதன் உண்மையான விலை; உமியைத் தொழிலே ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. எந்தக் கழிவு ஏற்கனவே குவிந்திருக்கிறதோ அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே உற்பத்தியைத் தொடங்குவதுதான் கையில் முதல் இல்லாதவருக்கு ஏற்ற வழி என்று கருதுகிறேன்.

செய்முறை எளிது. பக்கங்களில் துளையிட்ட தகரக் குழாயொன்றுக்குள் சுள்ளி நெருப்பை மூட்டி, சுற்றிலும் உமியைக் கும்பியாகக் கொட்ட வேண்டும். துளைகளால் பரவும் வெப்பம் உமியை உள்ளிருந்து கருக்கிக்கொண்டு வரும். வெளிப்புற உமியை மண்வெட்டியால் மேலே தள்ளித் தள்ளிப் புரட்ட வேண்டும். முழுவதும் கறுத்த அந்தக் கணத்தில் பரப்பி நீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். தாமதித்தால் சாம்பல் நிறமாகி, கரி போய்ச் சிலிக்கா மட்டுமே எஞ்சும். கறுப்புக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களைக் கண்ணால் பழக வேண்டும் என்பதற்காக ஒவ்வொருவரையும் தனித்தனியே ஒரு கும்பியைக் கருக்கச் சொன்னோம். கிடைக்கும் கரி, இட்ட உமியின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். புகையும் தூசும் நெஞ்சுக்குக் கேடு என்பதால் குடியிருப்பை நோக்கிக் காற்று வீசும் பக்கத்தில் இதைச் செய்யக்கூடாது.

உமிக்கரியால் பல் விளக்கிய தலைமுறையினர் இங்கு இன்னும் இருக்கிறார்கள், ஆனால் இப்போது அதற்கு உள்ள சந்தை நாற்றுமேடைதான். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளைத் தட்டுகளில் வளர்த்து விற்பவர்கள் உமிக்கரியை மண்ணோடும் கூட்டெருவோடும் கலக்கிறார்கள். பாரமில்லாததும் நீரைப் பிடித்துவைப்பதும் வேருக்குக் காற்றோட்டம் தருவதும் அதன் சிறப்புகள். நெல் நாற்றுத் தட்டுகளுக்கும் அது பயன்படுகிறது. மாலையில் நாங்கள் சென்று பார்த்த நாற்று வளர்ப்பாளர், ஈரம் ஒரே சீராக உள்ள, சலித்த கரியென்றால் மாதாமாதம் எடுப்பதாகச் சொன்னார். சலிக்காததை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை, ஒட்டுசுட்டான்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் விசுவமடுவையும் புதுக்குடியிருப்பையும் கடந்து ஒட்டுசுட்டானை அடைந்தோம். முத்தையன்கட்டுக் குளத்தை அண்டிய இந்த மணற்பாங்கான நிலங்களில் கச்சான் நன்றாக விளைகிறது. கோதுடன் உள்ள கச்சானின் நிறையில் கால் பங்குக்குக் குறையாமல் கோது இருக்கும். உடைக்கும் இடத்திலேயே குவிந்துவிடுவதால் இதையும் தேடிப் போக வேண்டியதில்லை.

கோது எளிதில் உக்காது. கூட்டெருவில் மட்டும் அதை நம்பினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாட்டெருவும் கிளிசரிடியா இலையும் கலந்தால் சற்று விரைவுபடும். கூட்டெரு என்றதும் கூட்டத்தில் பலருடைய முகம் மாறியதைக் கவனித்தேன். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, உக்காத குப்பையையும் மண்ணையும் மூடையில் கட்டிக் கூட்டெரு என்று விற்றவர்கள் இருந்தார்கள்; அதை வாங்கி இட்டு விளைச்சலை இழந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருந்தார்கள். தடை அந்த ஆண்டின் கார்த்திகையில் விலக்கப்பட்டாலும் அந்தச் சொல்லின் மீதான அவநம்பிக்கை விலகவில்லை. உக்கிய கூட்டெருவில் மண்வாசம் தவிர வேறு வாசம் இருக்காது, கும்பியின் உட்புறம் சுடாது, மூலப்பொருளை அடையாளம் காண முடியாது என்ற மூன்று அடையாளங்களையும், வாங்குபவரே தன் கண்முன் சோதித்துப் பார்க்கும்படி விற்பவர் மூடையை அவிழ்த்துக் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தோம்.

கோதைக் கரிக்கட்டியாக்கும் முறைக்குத்தான் இங்கே வரவேற்பு இருந்தது. மூடிய பரலில் காற்றுக் குறைவாகக் கருக்கி, இடித்துத் தூளாக்கி, மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி, வெயிலில் நன்கு உலர்த்தினால் புகை குறைந்த, நின்று எரியும் கட்டி கிடைக்கிறது. மரவள்ளியும் இங்கேயே விளைவதால் வெளியிலிருந்து வாங்க வேண்டியது அச்சு ஒன்றுதான். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நாள் முழுவதும் அடுப்பெரித்துக் கச்சான் வறுத்து விற்பவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று இளைஞர் ஒருவர் சொன்னார். இந்த வாரத்தில் நான் கேட்ட சிறந்த யோசனை அது. வாங்குபவர் யாரென்று செய்முறைக்கு முன்பே யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

பூஞ்சணம் பிடித்த கச்சானையும் அதன் கொடியையும் மாட்டுக்குப் போடக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொன்னோம். அதில் உருவாகும் அஃப்ளாடொக்சின் நஞ்சு பால் வழியாக வீட்டுப் பிள்ளைகளையும் வந்தடையும்.

வெள்ளிக்கிழமை, மல்லாவி

மாங்குளத்திலிருந்து மேற்கே திரும்பி மல்லாவிக்கு வந்தோம். வவுனிக்குளத்தை அண்டிய இந்தப் பகுதியில் மாடு வளர்ப்பவர்கள் அதிகம், மேய்ச்சற்றரை குறைவு. இன்றைய பாடம் சுருக்கமானது. 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி மூன்று வாரம் வைத்தால், வைக்கோல் மென்மையாகி அதன் புரத அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. திறந்ததும் காரநெடி போகும்வரை காற்றாட விட்டுத்தான் தீனியாகக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கவே கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைப்பதும் உயிராபத்தானது. இந்த எச்சரிக்கைகளைச் சுவரில் ஒட்டும் தாளாக எழுதிக் கொடுத்தோம். வைக்கோலைக் கட்டாக்கும் இயந்திரமொன்றைக் கமக்காரர் அமைப்பு வாடகைக்கு எடுத்தால், ஆடி ஆவணி வறட்சியில் இங்கேயே வைக்கோல் கட்டுகளுக்கு விலை உண்டு என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி.

சனிக்கிழமை, மீண்டும் கிளிநொச்சி

இன்று பயிற்சி இல்லை. நான்கு ஊர்களிலிருந்தும் சிலரை அழைத்து, சந்தைக்கு அருகே ஒரு கூட்டுறவுச் சங்க மண்டபத்தில் வாங்குபவர்களோடு உட்கார வைத்தோம். சாப்பாட்டுக் கடைக்காரர் இருவர், மரக்கறி மொத்த வியாபாரி ஒருவர், பரந்தனில் கண்ட நாற்று வளர்ப்பாளர் ஆகியோர் வந்தார்கள். பயிற்சி நாட்களை விட இந்த அரை நாளில் அதிகம் கற்றோம் என்பதே என் எண்ணம்.

சாப்பாட்டுக் கடைக்காரர்கள் காளானை வெள்ளிக்கிழமையும் விரத நாட்களிலும்தான் கேட்டார்கள். மற்ற நாட்களில் பறிப்பது என்னாகும் என்ற கேள்விக்கு அக்கா உலர்த்துவதையே பதிலாகச் சொன்னார்: பத்துக் கிலோ பச்சைக் காளான் ஒரு கிலோவாக உலரும், ஆனால் அது மாதங்கள் தாங்கும். பைக்கற்றில் விற்பதென்றால் நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, செய்தவரின் முகவரி ஆகியவை அச்சிடப்பட வேண்டும் என்பதையும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே அழைத்துக் கொட்டிலைக் காட்டிவிட வேண்டும் என்பதையும் வியாபாரி எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதால் அதற்குக் கிடைத்த கவனம், நாங்கள் சொல்லியிருந்தால் கிடைத்திராது.

வித்துப் பற்றிக் கேட்ட வட்டக்கச்சி அம்மாவும் வந்திருந்தார். தனித்தனியே ஒவ்வொருவரும் வித்துக்கு அலைவதற்குப் பதிலாகச் சங்கமே முற்பணம் கட்டி, ஐப்பசிக் கடைசியில் ஒரே தடவையில் வித்தை வரவழைத்து, காலை பஸ்ஸில் ஆள் கூடவே வந்து எடுத்துவருவதென்று அவருடைய யோசனைப்படி முடிவாகியது. அதுவரை எட்டு மாதம் வைக்கோல் நனையாமல் இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தின் பழைய களஞ்சியத்தில் ஒரு பகுதியை ஒதுக்கித் தர அதன் தலைவர் உடன்பட்டார். பறிப்பு முடிந்த பைகளின் வைக்கோலை உக்கவைத்து, வைக்கோல் கொடுத்த கமக்காரரின் வயலுக்கே திருப்பிக் கொடுப்பது என்ற நிபந்தனையைப் பெண்கள்தான் சேர்த்தார்கள். திங்களன்று புளியங்குளத்து முதியவர் எழுப்பிய ஐயத்துக்கு நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஏற்பாடு அதுவே.

உமிக்கரிக்கு நாற்று வளர்ப்பாளர் முதல் கொள்வனவை உறுதிசெய்துவிட்டார். கரிக்கட்டிக்கு இன்னும் வாங்குபவர் இல்லை. ஒட்டுசுட்டான் இளைஞர் இரண்டு மூடையை முறிகண்டிக்குக் கொண்டுபோய் வறுப்பவர்களிடம் எரித்துக் காட்டுவதாகப் பொறுப்பேற்றிருக்கிறார். ஆனியில் அடுத்த கூட்டம். அதற்கு முன் களஞ்சியத்தின் கூரை ஒழுக்கை அடைக்க வேண்டும் என்பதால், திங்கட்கிழமை காலையில் ஓட்டு வேலை தெரிந்தவரை அழைத்து வருவதாகச் சங்கச் செயலாளர் எழுதிக் கையொப்பமிட்டார்.